எட்டுக் கதிரை, மூன்று பேர்

டச்பே கடற்கரை, பின்னேரம் ஐந்தரை. வேதப்படிப்பு நடத்த எட்டுக் கதிரை போட்டிருந்தாள் அந்தத் தங்கச்சி. வந்தது மூன்று பேர். ரியூசன் நாள் வேறு.

மிச்சக் கதிரைகளை அடுக்கிவிட்டு, நாலை மட்டும் முழங்கால் முட்டுமளவு நெருக்கிப் போட்டாள்.

பைபிளில் யாத்திராகமம் 33ஆம் அதிகாரம். ஒரு கேள்வி கேட்டாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வேதப்படிப்பு நடத்துகிற பலர் வழுக்குவது இங்கேதான். மூன்று விநாடி பொறுக்காமல் தாங்களே பதில் சொல்லி, அதையே பிரசங்கமாக்கி விடுவார்கள். அமைதியில் தேவன் இருக்கமாட்டார் என்ற பயம்தான், வேறென்ன.

இவள் விரல் மடித்துப் பத்து வரை எண்ணினாள். பிறகு, "2ஆம் வசனத்தையும் 15ஆம் வசனத்தையும் சேர்த்து வாசிப்பமா?"

தூதனை அனுப்புகிறேன் என்கிறார் தேவன். நீர் கூட வராவிட்டால் எங்களைக் கொண்டுபோக வேண்டாம் என்கிறான் மோசே.

உயர்தரம் படிக்கிற தம்பி மெல்லக் கேட்டான்: "அப்ப மோசேக்கும் பயம்தானே அக்கா?"