கருப்பி குடித்த தண்ணீரை அளந்த கதை

"வெயில் காலம், தண்ணீர் குடிக்கத்தான் செய்யும்" என்று சொல்லி முதல் கால்நடை மருத்துவர் என்னையும் என் பூனை கருப்பியையும் திருப்பி அனுப்பிவிட்டார். எடைகூடப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கருப்பிக்கு 11 வயது. கிண்ணத்தில் நாலு நக்கு நக்கிவிட்டுப் போகிறவள், குளியலறை பக்கெட்டின் விளிம்பில் முன்னங்கால்களை ஊன்றி, காதுகளைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு, நிறுத்தாமல் குடித்தாள். மணல் தட்டில் எலுமிச்சை அளவு விழுந்த சிறுநீர்க் கட்டிகள் சாத்துக்குடி அளவாகிவிட்டன.

வாயால் சொன்னால் எடுபடாது என்று அளக்கத் தொடங்கினேன். பக்கெட்டைக் கவிழ்த்து வைத்து, காலையில் கிண்ணத்தில் ஊற்றியதிலிருந்து மறுநாள் மீந்ததைக் கழித்தேன். ஆவியாவதைக் கணக்கிட, அவளுக்கு எட்டாத அலமாரியில் அதே மாதிரி இன்னொரு கிண்ணம். மூன்று நாள் சராசரி 430 மில்லி. அவள் எடை 4 கிலோ. ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 50 மில்லியைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும்.

இரண்டாவது இடத்தில் ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை 240. உடனே இன்சுலின் என்றார்கள். இரண்டு பேர் அமுக்கிப் பிடிக்க, பக்கத்தில் நாய் குரைக்க, நடுங்கிக்கொண்டிருந்த பூனைக்கு எடுத்த அளவு அது! பயத்திலேயே பூனைக்குச் சர்க்கரை ஏறும். ஃப்ரக்டோசமின் பரிசோதனை கேட்டு வாங்குங்கள். கடந்த இரண்டு மூன்று வார நிலையை அது காட்டிவிடும். கருப்பிக்கு அது சரியாகவே இருந்தது. தேவையில்லாத ஊசி தப்பியது.

அடுத்து சிறுநீர். மணலோடு கொண்டுபோனதை வாங்க மறுத்துவிட்டார்கள். ஒரு நாள் வீண். மறுநாள் மீன் தொட்டிக்குப் போடும் கூழாங்கற்களைக் கழுவிக் காயவைத்துத் தட்டில் பரப்பினேன். விடியற்காலையில் அவள் இறங்கியதும் தட்டைச் சாய்த்து, சிரிஞ்சில் உறிஞ்சி, அரை மணி நேரத்தில் கொண்டு சேர்த்தேன். அடர்த்தி 1.014 என்று வந்தது. நல்ல சிறுநீரகமுள்ள பூனைக்குப் பெரும்பாலும் 1.035க்கு மேல் இருக்கும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினினும் ரத்தத்தில் 2.4 வரை ஏறியிருந்தது. சிறுநீரக நோய்தான். இரண்டாம் நிலையிலேயே பிடித்துவிட்டோம் என்று மூன்றாவது மருத்துவர் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போது ஈர உணவு. அதில் முக்கால் பங்கு தண்ணீர் என்பதால் கிண்ணத்தில் குடிப்பது குறையும். குணமாகிவிட்டது என்று நினைத்துப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அதிகம் குடிக்கிறதே என்று தண்ணீரை ஒருபோதும் மறைத்து வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் நான்கு இடங்களில் கிண்ணம் இருக்கிறது. அவள் பக்கெட்டைத்தான் தேடிப் போகிறாள். தினமும் அதைத் தேய்த்துக் கழுவி, அவளுக்கு எட்டும்படி விளிம்புவரை நிரப்பி வைக்கிறேன்.