ஓடிக்கொண்டிருக்கும் எஸ்ஏபி கர்னலை ஏன் மாற்ற வேண்டும்?

நிறுவனத்தின் கணக்கு, பில்லிங், கிடங்கை நடத்தும் எஸ்ஏபி மென்பொருளின் சர்வர்களைப் பராமரிக்கும் பேசிஸ் குழு, கர்னல் மாற்ற டவுன்டைம் (சிஸ்டத்தை நிறுத்திவைக்கும் நேரம்) வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலான அலுவலகங்களில் வரும் பதில் இதுதான்: "நல்லா ஓடிட்டிருக்கிற சிஸ்டத்தை எதுக்குத் தொடணும்?" கேட்பவர் மேல் தவறில்லை. ஞாயிறு இரவு நிறுத்திய சர்வர் திங்கள் காலை எழாவிட்டால், பில்லிங்கும் கிடங்கும் நிற்கும். பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஆனாலும் எஸ்ஏபியின் அடுக்குகளில் மிகக் குறைந்த ஆபத்தோடு மாற்றக்கூடியது கர்னல்தான் என்பதை அவருக்குப் பொறுமையாக விளக்கியாக வேண்டும்.

இங்கே சொல்வது லினக்ஸ் கர்னலை அல்ல. டிஸ்ப்பிளஸ்வொர்க் (வேலைகளைப் பிரித்துச் செய்யும் முதன்மை நிரல்), ஐசிஎம் (வெப் கோரிக்கைகளை வாங்கும் நிரல்), கேட்வே, மெசேஜ் சர்வர், என்கியூ சர்வர், ஆர்3டிரான்ஸ் முதலிய நிரல்களின் தொகுதியைத்தான் எஸ்ஏபி கர்னல் என்கிறோம். இவை ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் ஒரு கோப்புறையில் கிடக்கும் சாதாரணக் கோப்புகள். எஸ்ஏபியின் சொந்த மொழியான ஏபாப்பில் எழுதிய, பில்லிங் போன்ற வேலைகளைச் செய்யும் நிரல்களோ டேட்டாபேஸுக்குள் இருக்கின்றன. கர்னலை மாற்றுவதால் அந்த ஏபாப் நிரலில் ஒரு வரிகூட மாறாது. ஏபாப் நிரல்களைத் திருத்தும் சப்போர்ட் பேக்கை ஏற்றிவிட்டால் திரும்ப வழி பேக்கப்பை ரீஸ்டோர் செய்வது மட்டுமே. கர்னலில் பழைய கோப்புறையை அதே இடத்தில் வைத்தால் போதும்.

மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2022 பிப்ரவரி காட்டியது. ஐசிமேட் என்று பெயர்பெற்ற சிவிஇ-2022-22536 ஓட்டை அப்போதுதான் வெளியானது. தீவிர மதிப்பெண் 10-க்கு 10. ஐசிஎம் எச்டிடிபி கோரிக்கைகளைக் கையாளும் நினைவகப் பகுதியில் இருந்த பிழை அது. லாகின் இல்லாமலேயே வெளியிலிருந்து தாக்க முடியும். ஐசிஎம் கர்னலின் பகுதி என்பதால் நிரந்தரத் தீர்வு கர்னல் பேட்ச்தான். அதே வெளியீட்டு வரிசையில் சில பேட்ச் மட்டும் பின்தங்கியிருந்தவர்களுக்கு அது ஒரு இரவு வேலை. ஆதரவு முடிந்த வரிசையில் நின்றவர்கள் அவசரத்துக்கு நடுவே புதிய வரிசைக்குத் தாவ வேண்டியிருந்தது. எஸ்ஏபியின் அடித்தளமான நெட்வீவர் 7.50-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: தொடக்கத்தில் 7.45 கர்னல், பின்பு 7.49, பின்பு 7.53. பழைய வரிசைக்கு ஒரு கட்டத்துக்குமேல் பேட்ச் வராது.

இன்னொரு காரணம் சத்தமில்லாமல் வருவது. இணைய இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ் நெறிமுறையின் 1.0, 1.1 பதிப்புகள் இரண்டையும் 2021 மார்ச்சில் இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் கைவிட்டது. எதிர்முனையில் இருக்கும் வங்கியோ வரித்துறைத் தளமோ பழைய டிஎல்எஸ்ஸை மூடும் அன்று, கர்னலோடு வரும் பழைய கிரிப்டோ (மறையாக்க) லைப்ரரியோடு ஓடும் சர்வரின் இணைப்பு அறுந்துவிடும். நம் பக்கம் யாரும் எதையும் தொட்டிருக்க மாட்டார்கள். வொர்க் பிராசஸ் (பயனரின் வேலையைச் செய்யும் பிராசஸ்) தொங்குதல், நினைவகக் கசிவு என்று எஸ்ஏபியிடம் டிக்கெட் போட்டாலும் பல சமயம் வரும் முதல் பதில், "கர்னலைப் புதுப்பித்துவிட்டுச் சொல்லுங்கள்" என்பதுதான்.

வேலையின் பெரும்பகுதி டவுன்டைமுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். சர்வர்களைப் பட்டியலிடும் எஸ்எம்51 திரையில் இப்போதைய கர்னல் வரிசையையும் பேட்ச் எண்ணையும் குறித்துக்கொண்டு, எடுக்கப்போகும் பேட்சில் புதிதாக நுழைந்த பிழைகள் பற்றி எஸ்ஏபி நோட் (எஸ்ஏபி வெளியிடும் குறிப்பு) இருக்கிறதா என்று படியுங்கள். அவசரம் இல்லையென்றால் கடைசியாக வந்த பேட்சைவிட, எஸ்ஏபி பரிந்துரைக்கும் ஸ்டாக் கர்னலே நல்லது. சாப்எக்ஸி, சாப்எக்ஸிடிபி என்ற இரண்டு கர்னல் தொகுப்புகளையும் இறக்குங்கள். இரண்டாவதில்தான் டேட்டாபேஸோடு பேசும் லைப்ரரி இருக்கிறது. அதை விட்டுவிட்டால் பொருந்தாத ஜோடி உருவாகும். தொகுப்பைப் பிரிக்கும் சாப்கார் கருவி கொண்டு தனிக் கோப்புறையில் விரித்து, அங்கிருந்தே புதிய டிஸ்ப்பிளஸ்வொர்க்கின் வெர்ஷனைக் கேளுங்கள். லினக்ஸின் சி++ லைப்ரரி பழையதாக இருந்தால் அப்போதே பிழை காட்டும். ரெட் ஹேட்டில் இதற்கென்றே காம்பாட்-சாப் என்ற பேக்கேஜ் உண்டு. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். தவறவிட்டால் டவுன்டைமுக்கு நடுவில் ரூட் பாஸ்வேர்டு வைத்திருப்பவரைத் தேடி அலைய வேண்டும்.

நிறுத்தும் முன் பிடிசிடிஆர்என்எஸ்1 ரிப்போர்ட்டால் பேக்ரவுண்டு ஜாப்களை நிறுத்திவைத்து, எஸ்எம்13 திரையில் டேட்டாபேஸில் எழுதப்பட வேண்டிய அப்டேட் ஏதும் தேங்கவில்லை என்று பாருங்கள். சாப்கன்ட்ரோல் கட்டளை கொண்டு சிஸ்டத்தை நிறுத்திய பிறகு, அதைத் தொடங்கவும் நிறுத்தவும் பின்னணியில் ஓடும் சாப்ஸ்டார்ட்எஸ்ஆர்வி சர்வீஸையும் நிறுத்த வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். அது ஓடிக்கொண்டிருந்தால் கோப்பு பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லி நகல் பாதியில் நிற்கும். பாதி பழையது, பாதி புதியது என்ற நிலை எல்லாவற்றையும்விட மோசம். பிராசஸ் எதுவும் மிச்சமில்லை என்று பார்த்துவிட்டு, மீந்த பகிர்வு நினைவகத்தை கிளீன்ஐபிசியால் துடைத்து, பழைய எக்ஸி கோப்புறையை (கர்னல் கோப்புகள் இருக்கும் இடம்) உரிமைகள் மாறாமல் நகலெடுத்துக்கொண்டு, அதன்பின் புதிய கோப்புகளை வையுங்கள்.

அடுத்து, புதிய கோப்புகளுக்கு வேண்டிய உரிமைகளைத் தரும் சாப்ரூட் ஸ்கிரிப்டை ரூட் பயனராக ஓட்ட வேண்டும். மறந்தாலும் சிஸ்டம் எழுந்துவிடும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். ஆனால் 443 போன்ற, 1024-க்குக் கீழான போர்ட்டை ஐசிஎம்மால் திறக்க முடியாது. டேட்டாபேஸ் ஆரக்கிளாக இருந்தால் இரவு பேக்கப் உரிமைப் பிழையில் விழும். காரணம் கர்னல் மாற்றம்தான் என்று யாருக்கும் உடனே தோன்றாது.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் டேட்டாபேஸ் இணைப்பைச் சோதிக்க ஆர்3டிரான்ஸை மைனஸ் டி போட்டு ஓட்டி 0000 வருகிறதா என்று பாருங்கள். எழுந்ததும் எஸ்எம்51-இல் எல்லா அப்ளிகேஷன் சர்வர்களிலும் பேட்ச் எண் ஒன்றாக இருக்க வேண்டும். மையக் கோப்புறையிலிருந்து ஒவ்வொரு சர்வருக்கும் கோப்புகளை எடுத்துச் செல்வது சாப்சிபிஇ. ஒரு சர்வரில் டிஸ்க் நிரம்பியிருந்தால் அது மட்டும் பின்தங்கும். நிறுத்திவைத்த ஜாப்களை பிடிசிடிஆர்என்எஸ்2 கொண்டு விடுவியுங்கள். டெஸ்டிங் குழுவிடம் முழுச் சோதனை கேட்க வேண்டாம். பிரிண்ட், ஆர்எஃப்சி (எஸ்ஏபி சிஸ்டங்கள் ஒன்றையொன்று அழைக்கும் முறை), வெளி இன்டர்ஃபேஸ்கள், சிங்கிள் சைன்-ஆன் நான்கும் போதும் என்பது என் கருத்து.

சாண்ட்பாக்ஸ், டெவலப்மென்ட், குவாலிட்டி, புரொடக்ஷன் என்ற வரிசையைச் சுருக்க வேண்டாம். குவாலிட்டியில் இரண்டு வாரமாவது ஓடட்டும். கர்னல் வரிசையே மாறினால் ஏபாப் நிரல்கள் முதல் அழைப்பில் மறுபடி கம்பைல் ஆகி, முதல் நாள் காலை மெதுவாக இருக்கலாம்; நிரல்களை மொத்தமாகக் கம்பைல் செய்யும் எஸ்ஜென்னை, கர்னல் மாற்றிய இரவே ஓட்டிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. பழைய எக்ஸி நகலை அடுத்த மாதக் கணக்கு முடியும்வரை வைத்திருங்கள். அதன்பின் அழித்துவிடலாம், இல்லாவிட்டால் அடுத்த கர்னலுக்கு இடமிருக்காது.