கறிவேப்பிலைத் தொட்டியில் ஒரு மாதம்

மொட்டை மாடியில் இருக்கும் கறிவேப்பிலைச் செடிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் அடிக்கத்தான் போனேன். ஓர் இலையில் காக்கை எச்சம் போல ஒட்டிக்கொண்டிருந்தது மெல்ல நகர்ந்தது. குனிந்து பார்த்தால் வண்ணத்துப்பூச்சிப் புழு. கரைசல் பாட்டிலைச் சுவரோரம் வைத்தேன். இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

ஸ்ரீரங்கம் மேலூரில் 25 ஏக்கரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது, எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம். இரண்டு முறை போயிருக்கிறோம். இரண்டு முறையும் போனில் எங்கள் முகங்கள்தான் நிறைந்து வந்தன. புழு வளர்ப்பது எப்படி என்று அங்கேயே யாரிடமாவது கேட்டிருக்கலாம், தோன்றவில்லை.

முதல் தடவை சொதப்பல். நான்கு புழுக்களை ஹார்லிக்ஸ் பாட்டிலில் இலையோடு போட்டு, மூடியில் ஓட்டை போட்டேன். இரண்டே நாளில் உள்ளே வியர்த்து, புழுக்கை எல்லாம் ஈரத்தில் பூசணம் பிடித்துவிட்டது. ஒன்று மட்டும் பிழைத்தது. செடியில் இலை குறைகிறதே என்று அதற்குக் கடைக் கறிவேப்பிலையைக் கொடுத்தேன். மறுநாள் சுருண்டு கிடந்தது. இலையில் மருந்து இருந்திருக்க வேண்டும். அன்றைக்கு ரசம் தாளிக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது.

அடுத்த முறை பாட்டிலில் அடைப்பதே வேண்டாம் என்று முடிவு செய்தேன். சின்னத் தண்ணீர் பாட்டிலில் எங்கள் செடியின் கிளை ஒன்று, புழு உள்ளே விழாமலிருக்க வாயில் பஞ்சு, மேலே சோற்றுப் பாத்திரத்தை மூடும் வலைக்கூடை. தினமும் காலையில் அடியில் போட்ட பேப்பரை மாற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை.

இந்த முறை முட்டையிலிருந்தே கிடைத்தன. இளமஞ்சளாய், கடுகை விடச் சிறிய உருண்டை, ஏழு. மூன்றாம் நாள் வெளியே வந்த புழு முதலில் தின்றது தன் முட்டை ஓட்டைத்தான். பத்து நாளைக்கு மேல் எச்ச வேடம். கடைசித் தோலை உரித்ததும் ஆளே மாறிப் பச்சைப் பசேலென்று ஆகிவிட்டது. மேலே தெரியும் இரண்டு பெரிய 'கண்' வெறும் புள்ளி. நிஜத் தலை அதற்குக் கீழே குனிந்து இலையை அரைத்துக்கொண்டிருக்கும். விரலால் தொட்டேன். தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாய் இரட்டைக் கொம்பு வெளியே நீண்டது, கூடவே ஒரு காட்டமான நாற்றம். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுக்காடா என் செடியை மொட்டையடிச்சே?" என்றாள்.

தின்பதை நிறுத்திய நாளில் பெரிதாக ஒரு முறை வயிற்றைக் காலி செய்தது. கூடை முழுக்க அலைந்துவிட்டு ஒரு குச்சியைப் பிடித்தது. வாலைப் பட்டுத் திட்டில் ஊன்றி, நடுவில் ஒரு நூல் கட்டி, பனையேறி இடுப்புக் கயிற்றில் சாய்வது போலச் சாய்ந்துகொண்டது. மறுநாள் கூட்டுப்புழு. பச்சைத் தண்டில் இருந்தது பச்சை, காய்ந்த குச்சியில் இருந்தது பழுப்பு.

முதல் இரண்டு வெளிவந்ததை நான் பார்க்கவில்லை. முந்தின இரவே கூடு கறுத்து, இறக்கைப் புள்ளி வெளியே தெரிந்தது. விடிந்ததிலிருந்து எதிரில்தான் இருந்தேன். ஒருமுறை பால் பொங்கிற்று, ஒருமுறை போன் வந்தது. திரும்பி வந்தால் காலிக் கூடும், பக்கத்தில் ஆளும். ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை அதற்கு.

மூன்றாவதைப் பிடித்துவிட்டேன். காலை 6.40. கூட்டின் முன்பக்கம் பிளந்து கால்கள் வந்தன, உடனே உடம்பும். வயிறு பருத்து, இறக்கை மட்டும் கறிவேப்பிலைக் கொழுந்து அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. வயிற்றிலிருந்த திரவம் ஏற ஏற இறக்கை இறங்கி விரிந்தது. உறிஞ்சுகுழல் இரண்டு தனி இழையாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சுருட்டி, நீட்டி, மறுபடி சுருட்டி, இரண்டையும் ஒன்றாகப் பொருத்திக்கொண்டது. நாம் ஜிப் மாட்டாமல் தடுமாறுவோமே, அப்படி. இருபது நிமிடம். காபி ஆறிப்போனது.

இது கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சி. முதல் இரண்டும் ஆண்; கறுப்பில் வெள்ளைப் புள்ளி வரிசை. மூன்றாவதற்குப் பின்னிறக்கையில் சிவப்பு இருந்ததால் வேறு இனமோ என்று குழம்பினேன். பெண்ணாம். ஆடுதின்னாப்பாளைக் கொடியைத் தின்று வளர்வதால் உடம்பில் நஞ்சுள்ள ரோஜா அழகி என்ற வேறொரு வண்ணத்துப்பூச்சியைப் போல வேடம் போடுகிறாள், பறவைகள் ஏமாறட்டும் என்று. அசலுக்கு உடம்பும் சிவப்பு, இவளுக்குக் கறுப்பு. மூன்றையும் செம்பருத்திப் பக்கம் விட்டேன்.

நான்காவது கூட்டில் ஊசி முனை அளவு ஓட்டை. அதிலிருந்து கொசுவை விடச் சிறிய குளவிகள் வரிசையாக வந்தன. புழு கூடாகும் நேரத்தில் மாடிக் காற்றுக்காகக் கூடையைத் திறந்து வைத்தது என் தப்பு. கோபத்தோடுதான் லென்ஸை எடுத்தேன். வெயிலில் ஒவ்வொன்றும் பச்சை உலோகம் போல மின்னியது. கடைசிக் குளவி வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை அம்மாவிடம் சொல்லவில்லை.

ஐந்தாவது இன்று சாயங்காலம் கறுத்திருக்கிறது. நாளைக் காலை ஆறரைக்குத்தான் குழாயில் தண்ணீர் வரும். இருக்கிற குடம் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டு போரில் இப்போதே நிரப்பி வைத்துவிட்டேன்.