நடு அறைச் சுவர்

ஜனவரி 6

சாவி கைக்கு வந்துவிட்டது. ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் ஒன்பது வீடுகளில் ஐந்தாவது. அகலம் 15 அடி, நீளம் 46 அடி, மேலே ஒரு மாடி, அதற்கு மேல் ஓடு. முன்னால் தெரு, பின்னால் துணி காயப்போடும் அளவுக்கு ஒரு முற்றம். பக்கவாட்டில் நம் சுவர் என்று தனியாக எதுவும் கிடையாது. அடுத்த வீட்டுக்காரருக்கும் நமக்கும் ஒரே சுவர். அதனால் வெளிச்சம் இரண்டு முனைகளிலிருந்து மட்டும்தான் வரும். நடு அறைக்கு உச்சி வெயிலிலும் விளக்கு வேண்டும்.

மச்சானும் நானும் பாதிக்குப் பாதி. பழைய வீட்டை வாங்கிச் செப்பனிட்டு விற்பவர்கள் ஒரு வாய்ப்பாடு சொல்வார்கள்: விற்கக்கூடிய விலையில் 70 சதவீதத்தை எடு, அதில் வேலைச் செலவைக் கழி, மிச்சத்துக்கு மேல் கொடுத்து வாங்காதே. விற்கும் விலையை 100 என்றும் வேலையை 22 என்றும் வைத்துக்கொண்டோம். 48-க்கு மேல் போயிருக்கக் கூடாது. 53 கொடுத்திருக்கிறோம். பார்க்கப் போன அன்று வீடு புதுப் பெயிண்டில் பளிச்சென்று இருந்தது, அவ்வளவுதான்.

ஜனவரி 8

இரண்டு நாள் பூட்டிவைத்துத் திறந்தால் பெயிண்ட் வாசனை போய், அடியிலிருந்து வேறொரு வாசனை வந்திருக்கிறது. நனைந்த சாக்கு வாசனை. நடு அறையின் இடப்பக்கச் சுவரில், தரையிலிருந்து நாலடி உயரத்துக்குச் சற்று மேலே பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன். உடைந்து வெள்ளைப் பொடி கொட்டியது. நாக்கில் வைத்துப் பார்த்த கொத்தனார் அண்ணன், "உப்பு" என்று துப்பினார்.

சதுரமாக ஒரு பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் நாடா ஒட்டி அடைத்திருக்கிறோம். நாளை மறுநாள் பிரித்துப் பார்ப்பது. தாளின் வெளிப்பக்கம் நீர் கோத்தால் அறைக் காற்றில் இருக்கும் ஈரம், ஜன்னலைத் திறந்தால் சரியாகிவிடும். உட்பக்கம் கோத்தால் சுவருக்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது.

ஜனவரி 10

உட்பக்கம்தான்.

கொத்தி எடுக்கச் சொன்னேன். பெயிண்டுக்கு அடியில் நாலடி உயரத்துக்குச் சிமெண்டுப் பூச்சு, கல் மாதிரி. அதற்கு அடியில் பழைய சுண்ணாம்புக் கலவையில் கட்டிய செங்கல், கையில் எடுத்தால் ஊறிய ரொட்டி மாதிரி உதிர்கிறது. அண்ணன் சுவரைப் பார்த்து ஒன்று சொன்னார்: "சிமெண்டு போட்டா ஓதம் நிக்காது தம்பி, ஏறும்."

அவர் சொன்னது இதுதான். சுண்ணாம்புக் காரையில் நுண்துளைகள் உண்டு. சுவருக்குள் வந்த ஈரம் அது வழியாக மெதுவாக வெளியேறிவிடும். சிமெண்டு அந்த வழியை அடைத்துவிடுகிறது. போக இடமில்லாத தண்ணீர், பூச்சு எங்கே முடிகிறதோ அதுவரை மேலே ஏறி, அங்கே ஆவியாகிறது. கொண்டுவந்த உப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறது. உப்பு படிகமாக வளரும்போது பெயிண்டை மட்டுமில்லை, செங்கல்லின் மேல்தோலையும் தள்ளி உரித்துவிடும். ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1824-இல். இன்று பழைய சுவர்களின் வியாதியில் பாதி அதைக் கண்ட இடத்தில் பூசியதால் வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. தப்பு அவர்மேல் இல்லை.

கொத்திக்கொண்டிருக்கும்போது சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து டக், டக், டக் என்று மூன்று தட்டு. அடுத்த வீட்டு அம்மா. போய் மன்னிப்புக் கேட்டேன். "சத்தம் பரவாயில்ல, எங்க வீட்டு அலமாரி ஆடுது, அதான்" என்றார்கள். இனி அந்தச் சுவரில் காலை 10 முதல் 12 வரை மட்டும் கொத்துவது என்று பேச்சு.

ஜனவரி 13

ஓட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஏணி போட்டு ஏறினேன். டார்ச் அடித்தால் வெளிச்சம் போய்க்கொண்டே இருக்கிறது. நாலாவது வீடு, மூன்றாவது வீடு, அதற்கும் அப்பால். கூரைக்கு அடியில் பொதுச்சுவரே இல்லை. மாடி உச்சியோடு நிறுத்திவிட்டு, கைமரங்களை வரிசை முழுக்க ஒரே ஓட்டமாக ஓட்டியிருக்கிறார்கள். யாரோ ஒருவரின் பழைய தொட்டிலும் தகரப்பெட்டியும் எட்டும் தூரத்தில் இருந்தன. திருடன் வருவது இருக்கட்டும், ஒரு வீட்டில் தீப்பிடித்தால் ஒன்பது வீட்டுக் கூரையிலும் ஓடும். 1666-இல் லண்டன் எரிந்த பிறகு, மறு வருடமே சட்டம் போட்டு, வீடுகளைச் செங்கல்லிலோ கல்லிலோதான் கட்டவேண்டும், சுவர்க் கனம் இவ்வளவு இருக்கவேண்டும் என்று வரையறுத்தார்கள். பக்கத்து வீட்டுத் தீ நம் வீட்டுக்கு வராமல் இருக்கவே பொதுச்சுவர்.

இரண்டு பக்கமும் ஓடு வரை செங்கல் எழுப்பியாக வேண்டும். மச்சானுக்குக் கசப்பு. "வாங்க வர்றவங்க யாரு மாமா ஏணி போட்டு மேல ஏறிப் பாக்கப் போறாங்க?" என்றான். ஒருவரும் பார்க்க மாட்டார்கள்தான். அடுத்த வீட்டு அம்மா அவர்கள் பக்கத்துச் சுவரில் பாதிச் செலவை ஏற்றுக்கொண்டார்கள். வலப்பக்கத்தார், "இத்தனை வருஷம் எரியலையே" என்றார்.

ஜனவரி 19

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது இன்று பிடிபட்டது.

தரைமட்டத்தைச் சந்தேகித்தோம். தெருவுக்கு மேல் தெருவாகப் போட்டு, பழைய வீடுகளின் வாசல் தாழ்ந்துபோவது எங்கும் நடப்பது. வெளி மண் உயர்ந்தால் சுவர் அதைக் குடிக்கும். ஆனால் முன் அறை காய்ந்து கிடக்கிறது. கூரையைச் சந்தேகித்தோம். ஒழுகல் என்றால் மேலிருந்து கீழே தடம் இருக்கவேண்டும், இல்லை. கடைசியில் தரைக்கு அடியில் போகும் கழிவுக்குழாய். முற்றத்திலிருந்து தெரு வரை, நடு அறையின் இடச்சுவரை ஒட்டியே போகிறது. சுட்டமண் குழாய். தெருமுனையில் காற்றுப்பை வைத்து அடைத்து, முற்றத்துப் பக்கம் தண்ணீர் நிரப்பி, மட்டத்தைப் பென்சிலால் குறித்தோம். அரை மணி நேரத்தில் ஒரு சாண் இறங்கியது. தோண்டினால் இரண்டு இணைப்பு விட்டிருக்கிறது. குளித்த தண்ணீர், துவைத்த தண்ணீர் எல்லாம் அஸ்திவாரத்துக்குப் போயிருக்கிறது. எத்தனை வருடமோ.

புதுக் குழாய்க்குச் செலவு. தரையை உடைத்ததற்குத் தனிச் செலவு. வேலை இப்போது 22 இல்லை, 26.

சுவரில் ஈரம் நிற்கும் கோட்டைப் பென்சிலால் இழுத்துத் தேதி போட்டேன். ஜனவரி 19, தரையிலிருந்து 51 அங்குலம்.

ஜனவரி 27

முன் அறைக்கும் நடு அறைக்கும் இடையே உள்ள குறுக்குச் சுவரை எடுத்துவிடலாம் என்பது மச்சானின் ஆசை. விளம்பரப் படத்துக்கு ஒரே நீளக் கூடம். தட்டிப் பார்த்துப் பாரம் தாங்கும் சுவரா என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். மாடித் தரைப் பலகை ஒன்றைப் பெயர்த்துப் பார்த்தோம். விட்டங்கள் இடச்சுவரிலிருந்து வலச்சுவருக்குப் போகின்றன. 15 அடி வீட்டில் அதுதான் இயல்பு. அப்படியானால் குறுக்குச் சுவர்மேல் விட்டம் எதுவும் உட்காரவில்லை. மச்சான் சம்மட்டியையே எடுத்துவிட்டான்.

கூப்பிட்டிருந்த பொறியாளர் மாடிக்குப் போய்விட்டு வந்து ஒரே கேள்வி கேட்டார்: "மேல இருக்கற செங்கல் சுவர் எது மேல நிக்குது?" இந்தச் சுவர்மேல்தான். தவிர, இரண்டு நீளச் சுவர்களையும் உள்ளே வளையாமல் பிடித்து நிறுத்துவதும் இதுதான். முழுதாக எடுத்தால் இரும்பு உத்தரம், இருபக்கமும் முட்டு, பக்கத்து வீட்டுச் சுவரிலும் கைவைக்க அவர்கள் சம்மதம். ஆறடி அகலத் திறப்போடு நிறுத்திக்கொண்டோம். மேலே சிறு உத்தரம், இரு பக்கமும் சுவர் மிச்சம். சம்மட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 4

மின்கம்பிகளுக்கு மேல் ரப்பர் உறை. தொட்டால் மிளகாய்வற்றல் போல நொறுங்குகிறது. எர்த் கம்பியே கிடையாது. எல்லாம் புதிது, 30 மில்லியாம்பியர் கசிவிலேயே துண்டித்துவிடும் பிரேக்கரோடு. தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டை அறுத்துக் காட்டினார் பிளம்பர். துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், வெளியே முக்கால் அங்குலம், உள்ளே துரு வளர்ந்து பென்சில் நுழையும் அளவுக்கு ஓட்டை. மாடியில் தண்ணீர் ஏன் சொட்டியது என்று தெரிந்தது.

ஈரக்கோடு 44 அங்குலம்.

பிப்ரவரி 11

சண்டை. எழுதிவைக்க வேண்டாம் என்று நினைத்தேன், எழுதுகிறேன்.

ஈரச் சுவர் ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் எடுத்துக் காயும் என்பது தோராயக் கணக்கு. நம் சுவர் 9 அங்குலம். அந்தப் பக்கம் அடுத்த வீட்டின் பூச்சும் பெயிண்டும்; காய்வதென்றால் பெரும்பாலும் நம் பக்கமாகத்தான். ஒன்பது மாதம் வட்டி கட்ட நம்மால் ஆகாது. மச்சான் ஒரு தகரடப்பாவோடு வந்தான். நீர்புகாப் பெயிண்ட். "ரெண்டு கோட்டு. மூணு மாசம் தாங்கும் மாமா. அதுக்குள்ள வித்துரலாம்."

"நமக்கு வித்தவனும் இதத்தான் செஞ்சான்" என்றேன்.

"ஆமா. நாம வாங்கலையா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. டப்பா மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. வட்டி அவன் பங்கிலும்தான் ஓடுகிறது, அவன் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அண்ணன்தான் வழி சொன்னார்: முழுக்கக் காய்வதற்குக் காத்திருக்க வேண்டாம், தண்ணீர் வரத்து நின்றுவிட்டது, உப்பேறிய பூச்சு போய்விட்டது, மற்ற வேலை முடியும்வரை சுவர் அம்மணமாக நிற்கட்டும், பிறகு சுண்ணாம்புக் காரை, மிச்ச ஈரம் காரை வழியாகப் போய்க்கொள்ளும்.

மார்ச் 9

படிக்கட்டுக் கைப்பிடியில் ஏழெட்டு அடுக்குப் பெயிண்ட். ஆசாரி உப்புத்தாளை எடுத்ததும் தடுத்தேன். பழைய அடுக்குகளில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில்கூட வீட்டுப் பெயிண்டில் அதைத் தடை செய்தது 1978-இல்தான். உலரத் தேய்த்தால் தூசி மூச்சில் போகும், தவழும் குழந்தையின் கையில் ஒட்டும். ஈரப்படுத்திச் சுரண்டி, சுரண்டியதை மூட்டை கட்டினோம். நாலு நாள். அடியில் நல்ல தேக்கு.

ஈரக்கோடு 19 அங்குலம். மின்சார ஈரமானி மட்டும் இன்னும் அலறுகிறது. உப்பு மிச்சம் இருந்தாலும் அது ஈரம் என்றே காட்டும். அண்ணன் அதைப் பொம்மை என்கிறார்.

மார்ச் 16

காரைப் பூச்சு தொடக்கம். சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றுவதை இவ்வளவு அருகில் பார்த்ததில்லை. அடுப்பே இல்லாமல் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. கண்ணில் பட்டால் பார்வை போகும் என்று அண்ணன் சித்தாளை எட்ட நிறுத்தினார். நீற்றியதை ஊறவைத்துவிட்டு, முன்பே நீற்றி ஊறவைத்திருந்த பழைய குழம்பைப் பூச்சுக்கு எடுத்தார். பழசானால் வெண்ணெய் மாதிரி வழுக்கும்.

தேதி போட்ட பென்சில் கோடுகள் மேல் அவர் கரணை போனபோது ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 6

மூன்று பூச்சு. ஒவ்வொன்றுக்கும் நடுவே காத்திருப்பு. காரை தண்ணீர் வற்றி இறுகுவதில்லை, காற்றிலிருக்கும் கரியமிலவாயுவை மெல்ல வாங்கித் திரும்பச் சுண்ணாம்புக் கல்லாகிறது. சட்டென்று உலர்ந்தால் வெடித்துவிடும். காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பது என் வேலை. ஈரத்தைப் போக்க இரண்டு மாதம் காத்திருந்த சுவருக்கு நானே தண்ணீர் தெளிக்கிறேன். மச்சான் வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனான்.

படிக்கட்டுக்கு மேலே கூரையில் கண்ணாடி வைத்தாயிற்று. நடு அறையில் பகல் 11 மணிக்கு முதன்முறையாக ஒரு நிழல் விழுந்தது. விளம்பரப் படம் இதுதான் என்றான் மச்சான். ஒப்புக்கொண்டேன்.

மே 11

பார்க்க வந்தவர்கள் இதுவரை ஏழு குடும்பம். எல்லோரும் சமையலறை மேடையைத் தடவுகிறார்கள், குழாயைத் திறக்கிறார்கள், கூரைக் கண்ணாடியைப் பார்த்து மகிழ்கிறார்கள். கழிவுக்குழாய், கம்பி, ஈரக்கோடு, கூரைக்குள் எழுப்பிய சுவர் எல்லாவற்றுக்கும் படம் எடுத்து ஒரு கோப்பாக வைத்திருக்கிறேன். ஆறு குடும்பங்கள் அதைத் திறக்கவில்லை. ஏழாமவர் திறந்தார். பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு, "ஓதம் இருந்த வீடா?" என்று விலையில் 5 குறைக்கச் சொன்னார்.

மச்சான் என்னைப் பார்த்த பார்வை.

மே 25

ஏழாமவருக்கே. 97. வேலை 29-இல் முடிந்தது. வட்டியும் இதர செலவும் 9. மிச்சம் 6, ஆளுக்கு மூன்று. மச்சான் அடுத்த வீட்டைத் தனியாக வாங்கப் போகிறானாம்.

சாவி கொடுக்கப் போனேன். அடுத்த வீட்டு அம்மா புது ஆட்களிடம் அந்த மூன்று தட்டு விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாங்கியவரின் மனைவி நடு அறைச் சுவரைத் தடவிப் பார்த்தார். சுண்ணாம்பு அடித்த சுவர், கையில் லேசாக வெள்ளை ஒட்டியது. "இது கொஞ்சம் சொரசொரன்னு இருக்கே அண்ணா. இதுக்கு மேல பளபளப்பா பிளாஸ்டிக் தாள் வருதே, அத ஒட்டிரலாமா?"

கோப்பைப் பிரித்து ஜனவரி 19 படத்தைக் காட்டினேன். அடுத்த மார்ச் வரையாவது ஒட்டாதீர்கள் என்றேன். தலையை ஆட்டினார். திரும்பி வரும்போது பார்த்தேன், அவர் கணவர் அளவுநாடாவை நீட்டிச் சுவரின் அகலத்தை அளந்துகொண்டிருந்தார்.