கார்ஃபூவும் கொண்டை ஊசியும்: ‘டெஸ்க் செட்’ பார்க்கப் போகிறவர்களுக்கு

1957இல் வெளிவந்த ‘டெஸ்க் செட்’டைக் காதல் நகைச்சுவை என்று மட்டும் நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பாதிப் படம்தான் கிடைக்கும். மீதிப் பாதி அந்த அலுவலக மேசைகளில் இருக்கிறது: ஓயாமல் அடிக்கும் தொலைபேசி, அடுக்கடுக்காகப் புத்தகம், பிறகு ஒருநாள் சுவர் அகலத்துக்கு வந்து நிற்கும் கணினி. அந்தக் காலத்துக் கணினி எங்கே இடறும் என்பதைத் திரைக்கதை எழுதிய ஃபீபி எஃப்ரன், ஹென்றி எஃப்ரன் தம்பதி நன்றாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள். கேள்வி இயந்திரத்துக்குள் ஏறும் இடத்தில்தான் இடறும். படத்தின் நல்ல சிரிப்புகளில் முக்கால்வாசி அங்கிருந்து வருபவை. காதலும், சொல்லப்போனால், அங்கிருந்துதான்.

கதையைச் சொல்லிவிடலாம், பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. நியூயார்க்கில் ஓர் ஒளிபரப்பு நிறுவனம். யார் எதைக் கேட்டாலும் தேடிச் சொல்லும் தகவல் பிரிவில் நான்கு பெண்கள். தலைவி பன்னி வாட்சனாகக் கேத்தரின் ஹெப்பர்ன். ஒருநாள் ரிச்சர்ட் சம்னர் என்ற பொறியாளர் அளவுநாடாவோடு வந்து அறையை அளக்கத் தொடங்குகிறார். அவர் ஸ்பென்சர் டிரேசி. எதற்கு அளக்கிறார் என்று சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. நிறுவனம் இன்னொன்றோடு இணையப்போகும் செய்தி வெளியே கசிந்துவிடக்கூடாது. காரணம் சொல்லாமல் அளவெடுத்தால் வேலையிடத்தில் என்ன நடக்கும்? ஆட்குறைப்பு என்ற சொல் யார் வாயிலும் வருமுன் எல்லார் முகத்திலும் வந்துவிடும். நம் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் பிளேஸ் அலுவலகங்களில் ஆலோசகர்கள் மடிக்கணினியோடு வந்து இறங்கும் வாரத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சிகளுக்கு உரை வேண்டியதில்லை. பன்னியைக் கல்யாணம் செய்துகொள்ளாமல் இழுத்தடிக்கும் மேலதிகாரி ஒருவரும் உண்டு. போட்டிக்கு ஓர் ஆள் வேண்டுமே என்று வைத்த பாத்திரம். கிக் யங் பாவம், தன்னால் ஆனதைச் செய்கிறார்.

கணினியின் பெயர் எமராக், செல்லமாக எம்மி. பெயரின் வாலைக் கேட்டதுமே அன்றைய பார்வையாளருக்குப் புரிந்திருக்கும். 1946இல் எனியாக், 1951இல் யுனிவாக் என்று நிஜக் கணினிகள் வந்திருந்தன. 1952 அமெரிக்க அதிபர் தேர்தல் இரவில் சிபிஎஸ் தொலைக்காட்சி யுனிவாக்கை வைத்து முடிவைக் கணிக்கப் பார்த்தது. கொஞ்சம் வாக்குகள் வந்ததுமே ஐசனோவர் அமோகமாக ஜெயிப்பார் என்று அது சொல்லிவிட்டது. நம்ப மனம் வராமல் அறிவிப்பைத் தள்ளிவைத்தார்கள். கடைசியில் யுனிவாக் சொன்னதே நடந்தது. ஆக, தொலைக்காட்சி நிலையத்துக்குள் கணினி என்பது 1957இல் வெறும் கற்பனை இல்லை. படத்தின் தொடக்கப் பெயர்கள் அச்சுப்பொறிக் காகிதத்தில் அடிபட்டு வெளியே வரும். கூடவே கணினி நிறுவனமான ஐபிஎம்முக்கு நன்றியும் வரும். அந்த நன்றியைத் தவறவிடாதீர்கள். கணினி யார் வேலையையும் பறிக்காது என்று படம் ஏன் அவ்வளவு அவசரமாகச் சமாதானம் சொல்கிறது என்பதற்கு அதில் கொஞ்சம் விடை உண்டு.

எம்மியின் முகத்தில் ஓடும் விளக்குகளுக்கும் அது போடும் சத்தத்துக்கும் அர்த்தம் தேடவேண்டாம். நிஜ இயந்திரங்களிலும் விளக்குகள் இருந்தன. எந்த இலக்கம் 1, எந்த இலக்கம் 0 என்று அவை காட்டும். நிரல் எங்கே நின்றுபோனது என்று இயக்குபவர் அதைப் பார்த்துக் கண்டுபிடிப்பார். எம்மியின் விளக்குகள் கேமராவுக்காக எரிபவை. ஆனால் எம்மியைக் கட்டி மேய்க்க வரும் மிஸ் வாரினர் வெப்பத்துக்கும் தூசிக்கும் பயந்து கதவைச் சாத்தச் சொல்லிச் சீறுவதில் மிகை ஒன்றும் இல்லை. எனியாக்கில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள். அது இழுத்த மின்சாரம் சுமார் 150 கிலோவாட். அத்தனையும் வெப்பமாகத்தான் அறைக்குள் இறங்கும். தகவலைத் துளைகளாகப் பதித்துக் கணினிக்குக் கொடுக்கும் துளை அட்டைக்கு ஈரமும் ஆகாது. அட்டையின் தடிமன் 0.007 அங்குலம், அடுக்கின் அடியிலிருந்து ஒரே ஓர் அட்டையை மட்டும் ஒரு தகடு தள்ளி உள்ளே அனுப்பவேண்டும். ஈரம் குடித்து அட்டை வளைந்தாலோ ஓரம் பிய்ந்தாலோ சிக்கிக்கொள்ளும். நம் ஊர் புழுக்கத்தை நினைத்துப் பாருங்கள். மத்திய சேம நிதிக் கழகம் 1960களிலேயே கணினிக்கு மாறியது. மனிதர்கள் மின்விசிறியில் வெந்துகொண்டிருந்த காலத்தில் கணினி அறைகளுக்குக் குளிர்சாதனம் கிடைத்தது இந்தக் காரணத்தால்தான்.

சிக்கிய எம்மியைச் சம்னர் கொண்டை ஊசியால் சரிசெய்வதைப் பார்த்துவிட்டு இது சினிமாத்தனம் என்று சொல்பவர்கள் உண்டு. அட்டை இயந்திரங்களின் பக்கத்தில், மாட்டிக்கொண்ட துண்டை நெம்பி எடுக்க மெல்லிய உலோகத் தகடு ஒன்று எப்போதும் இருக்கும். ஊசி அப்படியொன்றும் தூரத்தில் இல்லை.

படத்தின் பெரிய பொய் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு நூலகத்தையே குறுகிய காலத்தில் எம்மிக்குள் ஏற்றிவிட்டதாகச் சொல்கிறார்கள். கணக்குப் போடுவோம். ஓர் அட்டையில் 80 எழுத்து. பக்கத்துக்கு 2,000 எழுத்து என்று வைத்தால் 25 அட்டை. 300 பக்கப் புத்தகத்துக்கு 7,500 அட்டை, 6 லட்சம் எழுத்து. மணிக்கு 8,000 விசை தட்டும் கைதேர்ந்த ஒருவருக்கு 75 மணி நேரம். அடித்ததைச் சரிபார்க்க இன்னொருவர் முழுவதையும் மறுபடி அடிக்கவேண்டும் என்பதால் 150. ஒரே ஒரு புத்தகத்துக்கு. அப்படியே ஏற்றினாலும் வைக்க இடம்? படத்துக்கு முந்தைய ஆண்டு ஐபிஎம் அறிமுகப்படுத்திய 305 ராமாக் கணினிதான் நிஜ உலகில் எம்மிக்குக் கிட்டத்துச் சொந்தம். 24 அங்குல வட்டுகள் 50, கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. நம் கணக்கில் எட்டுப் புத்தகம்! அதே 50 லட்சத்தை அட்டையாக அடுக்கினால் 62,500 அட்டை, 11 மீட்டர் உயரம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கட்டடத்தில் நான்கு மாடி வரும். பன்னியின் அறையில் ஓர் அலமாரித் தட்டே இதைவிட அதிகம் வைத்திருக்கும். படம் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தப் பெண்களின் பயம் கொஞ்சம் சிரிப்பாகவும், கொஞ்சம் பரிதாபமாகவும் தெரியும்.

இனி கார்ஃபூ. தொலைபேசியில் யாரோ கிரேக்கத் தீவு கார்ஃபூவைப் பற்றிக் கேட்கிறார்கள். வாரினர் ஊரடங்கைக் குறிக்கும் ‘கர்ஃபியூ’ என்ற ஆங்கிலச் சொல்லை அடித்துவிடுகிறார். எம்மி அந்தச் சொல் வரும் 19ஆம் நூற்றாண்டுப் பாட்டு ஒன்றை அடி அடியாக அச்சிட்டுத் தள்ளுகிறது. காதுக்கு இரண்டும் பக்கத்துப் பக்கத்துச் சொற்கள். இயந்திரத்துக்கு எப்படி? படத்தில் வாரினர் நேராக விசைப்பலகையில் அடிக்கிறார். அன்றைய சாதாரண அலுவலகத்தில் இது அட்டையில் ஏறியிருக்கும். அட்டையின் ஒவ்வொரு நெடுவரிசையிலும் 12 இடங்கள்: மேலிருந்து 12, 11, பிறகு 0 முதல் 9 வரை. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு துளை. கார்ஃபூவுக்கு (CORFU) 12-3, 11-6, 11-9, 12-6, 0-4. கர்ஃபியூவுக்கு (CURFEW) 12-3, 0-4, 11-9, 12-6, 12-5, 0-6. முதல், மூன்றாம், நான்காம் நெடுவரிசைகள் மட்டும் ஒத்துப்போகும். மூன்று ஒத்துப்போகிறதே, இவர் வேறெதையோ கேட்க நினைத்திருப்பாரோ என்று இயந்திரம் ஒரு நிமிடம் தயங்குமா? தயங்காது. துளை பொருந்தினால் வேலை, அவ்வளவே.

சரிபார்ப்பு இயந்திரம் எதற்கு இருக்கிறது என்று கேட்கலாம். ஐபிஎம் 056 என்ற அந்த இயந்திரத்தில் இரண்டாவது ஆள் அதே தாளைப் பார்த்து மறுபடி அடிப்பார். துளையும் விசையும் ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு விளக்கு எரியும். மூன்று முறை அடித்தும் பொருந்தாவிட்டால் அந்த நெடுவரிசையின் தலையில் ஒரு வெட்டு விழும். எல்லாம் சரியென்றால் வலது ஓரத்தில் வெட்டு. அருமையான ஏற்பாடு. ஆனால் எழுதிவைத்த தாள் இருந்தால்தான் பலிக்கும். காதில் விழுந்ததே தவறு என்றால் இரண்டாவது ஆளும் அதே தவறைச் சுத்தமாக அடிப்பார், வலது ஓரத்தில் வெட்டும் விழும். இதற்குத் தகவல் மேசைக்காரர்களின் மருந்து ஒன்றே ஒன்று: கேட்டவரிடம் கேள்வியைத் திருப்பிச் சொல்வது. பன்னி குழுவினர் பேசும் தொலைபேசி உரையாடல்களில் இந்தப் பழக்கத்தைக் கவனியுங்கள். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் தகவல் மேசையில் போய் ஒன்றைக் கேட்டாலும் இதேதான், பதிலுக்கு முன்னால் கேள்வி வரும்: எந்த ஆண்டு, எந்த ஊர், எதற்காக? எம்மியும் ஒரே ஓர் இடத்தில் இதைச் செய்கிறது. பூமியின் மொத்த எடை என்ன என்று கேட்டதற்கு, மனிதர்களைச் சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்கும். எம்மி புத்திசாலியாகத் தெரிவது அந்த ஒரு கணத்தில்தான்.

காதலும் இதே வழியில் நடக்கிறது. மொட்டைமாடி மதிய உணவுக் காட்சியை இரண்டு முறை பாருங்கள். குளிரில் நடுங்கிக்கொண்டே பன்னி சாப்பிட, சம்னர் கேள்விமேல் கேள்வி போட்டுச் சோதிக்கிறார். ரயில் கணக்கு ஒன்று வரும்: இத்தனை பயணிகள் ஏறினார்கள், இத்தனை பேர் இறங்கினார்கள் என்று நிலையம் நிலையமாகப் போகும். கடைசியில் நாம் மனதில் கூட்டிவந்த தொகையை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்பார். பன்னி அதற்கும் பதில் வைத்திருக்கிறார், அதை நினைவில் வைத்த வழியோடு. முதல் முறை பன்னியைப் பாருங்கள். இரண்டாம் முறை டிரேசியின் முகத்தை மட்டும். இயந்திரம் விற்க வந்த மனிதர், இயந்திரத்துக்கு வராத ஒன்றைக் கண்டு மயங்குவது வசனத்தில் இல்லை, அந்த முகத்தில் இருக்கிறது. இருவரும் சேர்ந்து நடித்த ஒன்பது படங்களில் இது எட்டாவது. ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்பதை இவ்வளவு இயல்பாகச் செய்யும் திரை ஜோடிகள் குறைவு.

சம்பளப் பிரிவில் வைத்த இன்னொரு கணினி எல்லாருக்கும் வேலைநீக்கக் கடிதம் அனுப்பும் காட்சிக்கு அதிக விளக்கம் வேண்டாம். நிறுவனத் தலைவருக்கும் கடிதம் போகிறது. ஒரு நிபந்தனை தவறினால் கணினி ஒருவரிடம் மட்டும் தவறு செய்யாது. பட்டியலில் இருக்கும் அத்தனை பேரிடமும் ஒரே வேகத்தில் செய்யும்.

பார்க்கும் முறைக்கு வருவோம். இது சினிமாஸ்கோப் படம், அகலத்துக்கும் உயரத்துக்கும் விகிதம் 2.35க்கு 1. சாதாரண அகலத்திரைத் தொலைக்காட்சியில் மேலும் கீழுமாக உயரத்தில் கால் பங்கு கறுப்பாகத்தான் இருக்கும். அதை நிரப்ப ‘ஸூம்’ பொத்தானை அழுத்தினால் இரு ஓரங்களும் போய்விடும். ஓரத்தில்தான் பெக், சில்வியா, ரூத்தி மூவரும் தொலைபேசியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். சதுரமாக வெட்டிய பழைய பிரதிகளை விட்டுவிடுங்கள். அசைவை வழவழப்பாக்கும் ‘மோஷன் ஸ்மூத்திங்’ போன்ற அமைப்பை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் 1957 படம் நேற்று எடுத்த சீரியல்போல் தெரியும். ஒருவர்மேல் ஒருவர் பேசுவதால் முதல் முறை ஆங்கில வசனவரிகளோடு பார்ப்பது நல்லது. கிறிஸ்துமஸ் விருந்து கொஞ்சம் நீளம்தான், ஓட்டிவிடாதீர்கள். ஹெப்பர்ன் போதையில் அலமாரிகளுக்கு நடுவே உட்கார்ந்து பேசும் பகுதி அதில் இருக்கிறது. நீளம் மொத்தம் 103 நிமிடம்.

வட்டு வாங்குகிறவர்கள், எந்த நாட்டுக் கருவியில் ஓடும் என்பதைக் குறிக்கும் மண்டலத்தைப் பார்த்து வாங்கவேண்டும். சிங்கப்பூர் டிவிடிக்கு மண்டலம் 3. அமெரிக்க டிவிடி மண்டலம் 1 என்பதால் இங்கே விற்கும் பல கருவிகளில் ஓடாது. புளூ-ரேயில் இந்தத் தொல்லை குறைவு, அமெரிக்காவும் நாமும் ஒரே ‘ஏ’ மண்டலம். பிரிட்டிஷ் வட்டு ‘பி’யாக இருக்கலாம். பிரிட்டனில் இந்தப் படம் ‘ஹிஸ் அதர் உமன்’ என்ற பெயரில் வெளியானது. பழைய பட்டியல்களில் தேடும்போது இரண்டு பெயரையும் போட்டுப் பாருங்கள்.