0.7 எங்கிருந்து வந்தது?

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

கம்பெனி வேலையை விட்டுவிட்டு எஞ்சினியரிங் கல்லூரியில் பாடம் நடத்த வந்த பிறகு, முதல் வகுப்பு முடிந்தது. 50 நிமிடத்துக்கு 62 ஸ்லைடு தயார் செய்து போயிருந்தேன். 38 நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. நடுநடுவே "புரியுதா?" என்று கேட்டேன், யாரும் வாய் திறக்கவில்லை. 14 வருடம் மீட்டிங்குகளில் உட்கார்ந்து பழகியவனுக்கு மௌனம் என்றால் சம்மதம். மேலே போய்க்கொண்டே இருந்தேன். வகுப்பு முடிந்து வெளியே வரும்போது ஒரு பையன் மெதுவாகக் கேட்டான்: "சார், ஸ்ட்ரெஸ்னு சொன்னீங்களே, அது பிரஷர்தானே?"

இரண்டும் ஒன்றல்ல. அதைச் சொன்னது மூன்றாவது ஸ்லைடு.

ஆகஸ்ட் 13, புதன்

ஸ்லைடுகளைத் தூக்கிப் போட்டுவிட்டேன். சாக்பீஸ்தான். நான் எழுதும் வேகமும் அவர்கள் எழுதும் வேகமும் ஒன்றாக இருப்பதே பாதி வெற்றி. கை வலிக்கிறது, சட்டையெல்லாம் வெள்ளை.

சம்பளம் வந்தது. முன்பு வாங்கியதில் பாதிகூட இல்லை. தெரிந்துதான் வந்தேன் என்றாலும் எண்ணாகப் பார்க்கும்போது கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கிறது.

செப்டம்பர் 2, செவ்வாய்

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

பாடம் உலோகச் சோர்வு. ஒரு கம்பியை ஒரு தடவை வளைத்தால் ஒன்றும் ஆகாது, திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்துவிடும் அல்லவா, அந்த விஷயம். நான் பம்பு, கம்ப்ரஸர் என்று காலம் தள்ளியதே இதை நம்பித்தான். கையில் ஒரு உடைந்த ஷாஃப்ட் (மெஷினில் சுழலும் தண்டு) இருந்தால் வகுப்பு களைகட்டும் என்று பழைய அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டேன். பழைய மேனேஜர் சிரித்தார். "கிளம்பறப்போ ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டீங்களே, ஞாபகம் இருக்கா?" இருந்தது. துண்டு இரும்பு மட்டுமல்ல, நான் எடுத்த ஒரு பக்கச் சோதனை முடிவைக்கூட அங்கிருந்து தொட முடியாது. 14 வருட அனுபவத்தில் வெளியே எடுத்து வர முடிந்தது தலைக்குள் இருப்பது மட்டும்தான்.

கைகொடுத்தது எங்கள் ஒர்க்‌ஷாப் டெக்னீஷியன். அவருடைய மேசை டிராயரில், எண்ணெய்த் துணியில் சுற்றி, எப்போதோ உடைந்த மோட்டார் ஷாஃப்ட் ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்தார். "உடைஞ்ச முகத்துல கை வைக்கக் கூடாதுன்னு பசங்ககிட்ட சொல்லிடுங்க சார். வேர்வை பட்டா துரு பிடிச்சிடும்." எனக்கே சொல்கிறார் என்று தோன்றியது. சரிதான், நான்தான் விரலை வைக்கப் போயிருந்தேன்.

வகுப்பில் அதை வரிசையாகக் கைமாற்றினோம். சக்கரத்தை ஷாஃப்ட்டோடு பூட்டும் 'கீ' என்ற துண்டு உட்காரும் காடியின் கூர்மையான மூலையில் ஒரு புள்ளி. அங்கிருந்து கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகள் மாதிரி வளைவு வளைவாக, வழவழவென்று பாதிக்கு மேல் பரவியிருக்கிறது. மிச்சம் சொரசொரவென்று சாம்பல் நிறத்தில். விரிசல் ஊர்ந்து வந்தது வழவழப்பான பகுதியில். தாங்க முடியாமல் ஒரே நொடியில் ஒடிந்தது சொரசொரப்பான பகுதி. சொரசொரப்பு கொஞ்சமாக இருந்தால், சுமை குறைவாகத்தான் இருந்தது என்று அர்த்தம். கடைசி பெஞ்சுகூட எழுந்து வந்து பார்த்தது.

அப்புறம்தான் வினை. உற்சாகத்தில் கம்பெனிக் கதை ஒன்றை அவிழ்த்துவிட்டேன். தேய்ந்த ஷாஃப்ட்டின் மேல் வெல்டிங்கில் உலோகம் ஏற்றி, திரும்பக் கடைந்து பயன்படுத்துவோம். அப்படிச் செய்த ஷாஃப்ட்டின் சோர்வு வலிமை, அதாவது திரும்பத் திரும்ப வரும் சுமையைத் தாங்கும் வலிமை, புதியதில் 0.7 பங்கு என்று வைத்துக் கணக்குப் போடுவோம் என்றேன். முதல் வரிசையில் ஒரு மாணவி: "0.7 எங்கிருந்து வந்தது சார்?"

எங்கள் கையேட்டில் இருந்தது. கையேட்டில் எப்படி வந்தது? வேலைக்குச் சேர்ந்த வருடம் நானும் கேட்டிருக்கிறேன். "எப்பவும் அப்படித்தான் போடுறோம்" என்றார்கள். அதற்கப்புறம் எனக்குக் கீழே வந்தவர்களுக்கு நானே அதைச் சொல்லியிருக்கிறேன்.

"தெரியலம்மா" என்றேன். சொல்லி முடித்ததும் ஏனோ லேசாக இருந்தது.

செப்டம்பர் 4, வியாழன்

0.7 விடவில்லை. வெல்டிங் ஆறும்போது உலோகம் சுருங்கப் பார்க்கும், அடியில் இருக்கும் குளிர்ந்த உலோகம் விடாது. அதனால் மேற்பரப்பில் ஒரு இழுவிசை தங்கிவிடும். விரிசல் வாய் பிளக்க அது தோதானது. இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனால் அது 0.7-ஆ, 0.5-ஆ, எந்த உலோகத்துக்கு, எந்தத் தடிமனுக்கு?

செப்டம்பர் 26, வெள்ளி

இதையே ஆராய்ச்சித் திட்டமாக எழுதி, பக்கத்து அறைப் பேராசிரியரிடம் காட்டினேன். 6 மாதம், மாதவாரியாக வேலைகள், முடிவில் வடிவமைப்பாளர்களுக்கு ஒரு அட்டவணை. எனக்குப் பெருமையாகவே இருந்தது. அவர் படித்துவிட்டு, "இது நல்ல ஒர்க் ஆர்டர். கேள்வி எங்கே?" என்றார்.

கோபம் வந்தது. இரவு திரும்பப் படித்தேன். கேள்விக்குறி ஒன்றுகூட இல்லை. கம்பெனியில் கேள்வி தானாக வாசலுக்கு வந்து நிற்கும், மெஷின் நின்றுவிட்டது, வாடிக்கையாளர் கத்துகிறார் என்று. பதில்தான் என் வேலை.

அக்டோபர் 15, புதன்

அதே மாணவிதான் ப்ராஜெக்டுக்கு வந்து சேர்ந்தாள். ஆய்வகத்தில் பழைய சுழல்-வளைவு சோதனை மெஷின் ஒன்று இருக்கிறது, மாதிரித் துண்டை வளைத்துப் பிடித்தபடியே சுழற்றும். நிமிடத்துக்கு 3000 சுற்று. ஒரு துண்டு ஒரு கோடி சுற்றைத் தாண்டுகிறதா என்று பார்க்க 2 நாள் 7½ மணி நேரம் ஆகும். ரயில் அச்சுகள் ஏன் ஒடிகின்றன என்று வோலர் இதே வேலையைப் பிரஷ்ய ரயில்வேயில் 19-ஆம் நூற்றாண்டில் வருடக்கணக்காகச் செய்தார். அவர் பேராசிரியர் அல்ல, ரயில்வே எஞ்சினியர்.

ஸ்காட்லாந்து எஞ்சினியர் ராங்கினின் கதை இன்னும் பிடிக்கும். 1843-இலேயே, அச்சு தடிமன் மாறும் இடத்தில் விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்துதான் ஒடிகிறது என்று எழுதியவர் அவர். ரயில்வே, கட்டுமானம் என்று வேலை பார்த்துவிட்டு 1855-இல் கிளாஸ்கோவில் பேராசிரியரானார். பதவியேற்பு உரைக்கு எடுத்துக்கொண்ட தலைப்பே கோட்பாட்டுக்கும் நடைமுறைக்கும் உள்ள இணக்கம். ஆக, இந்தச் சண்டை எனக்கு முன்பே பழசு.

நவம்பர் 20, வியாழன்

பகுதி நேரமாக 6 வருடம் இழுத்து முடித்த என் பிஎச்டியிலிருந்து எழுதிய கட்டுரை ஆய்விதழிலிருந்து திரும்பி வந்துவிட்டது. "கவனமாகச் செய்த சோதனை அறிக்கை. புதிய அறிவு எது என்று தெரியவில்லை." மதிப்பீட்டாளர்கள் இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள், இரண்டாமவர் இன்னும் கடுமை. கம்பெனியில் என் அறிக்கையை யாரும் திருப்பி அனுப்பியதில்லை. ஒருவேளை யாரும் படித்ததில்லையோ என்னவோ.

பக்கத்து அறைக்காரர் பால் பாரிஸ் என்ற அமெரிக்க எஞ்சினியரின் கதையைச் சொன்னார். விரிசல் எவ்வளவு வேகத்தில் வளரும் என்று சொல்லும், இன்று விமானத் துறையே நம்பியிருக்கும் விதிக்கு அவர் அடித்தளம் போட்ட கட்டுரையைப் பெரிய ஆய்விதழ்கள் வேண்டாம் என்றுவிட்டன. கடைசியில் 1961-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சொந்தப் பத்திரிகை ஒன்றில் வந்தது. ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அவருடையது விதி, என்னுடையது உண்மையிலேயே சோதனை அறிக்கை. இரண்டாமவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஜனவரிக்குள் திருப்பி எழுத வேண்டும்.

டிசம்பர் 19, வெள்ளி

வெல்டிங் ஏற்றிய மாதிரித் துண்டு, நேற்று மாலை ஐந்தரைக்கு மாட்டியது, இன்று நாலேகாலுக்கு ஒடிந்தது. 41 லட்சம் சுற்று. போன வாரம் அதே சுமையில் அதன் ஜோடி 9 லட்சத்திலேயே போய்விட்டது. கம்பெனியில் மூன்றைச் சோதித்து, குறைந்ததை எடுத்துக்கொண்டு, மேலே ஒரு பாதுகாப்புக் காரணியையும் போட்டு கோப்பை மூடிவிடுவோம். ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கேட்க யாருக்கும் நேரம் இருக்காது.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். வெல்டிங்கும் பழைய உலோகமும் சேரும் விளிம்பில்தான் விரிசல் தொடங்கியிருக்கும் என்று அந்த மாணவியிடம் பந்தயமே கட்டியிருந்தேன். அங்கே ஒன்றுமில்லை. மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே ஊசிமுனை அளவு காற்றுக்குமிழ், அதைச் சுற்றி வழவழப்பான வட்டம். 9 லட்சத்தில் போனதை எடுத்துப் பார்த்தால் அதிலும் குமிழ்தான், ஆனால் மேற்பரப்பைத் தொட்டுக்கொண்டு.

"அப்போ 0.7 வெல்டிங்குக்கா சார், குமிழுக்கா?" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் அதை நோட்டில் எழுதிக் கொண்டாள், கேள்விக்குறியோடு. அடுத்த மாதிரியை அவளே மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள். நான் அறைக்கு வந்துவிட்டேன். திங்கட்கிழமைக்குள் இன்னும் 38 விடைத்தாள் திருத்த வேண்டும்.