குண்டுமணிக்கு ஒரு நாற்காலி

குண்டுமணி ஒரு துணிப் பொம்மை. உயரம் 32 செ.மீ. அண்ணன் மகள் இரண்டு வயதிலிருந்து இழுத்துக்கொண்டே அலைந்ததில் கழுத்துப் பஞ்சு மொத்தமும் இறங்கி வயிற்றில் சேர்ந்துவிட்டது. தலை எப்போதும் இடது பக்கம் சாய்ந்தே இருக்கும். "அத்தை, இவளுக்கு மட்டும் உட்கார எதுவுமே இல்ல" என்று அவள் வந்து நின்றாள். வேறொரு பொம்மையோடு வந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வீட்டில் இருந்தது. குண்டுமணியின் பின்பக்கத்தில் பாதிதான் அதற்குள் போனது.

எனக்குக் கணக்கு எழுதுகிற வேலை. மரவேலை பொழுதுபோக்கு, படச்சட்டமும் சாவி மாட்டும் பலகையும் செய்திருக்கிறேன். பொம்மை நாற்காலிதானே, ஒரு சனிக்கிழமை மதியம் போதும் என்று நினைத்தேன். ஆறு வாரம் ஆனது.

முதலில் கணக்கில்தான் விழுந்தேன். பொம்மை வீட்டுச் சாமான்கள் செய்பவர்கள் பெரும்பாலும் 1:12 என்ற அளவில் செய்வார்கள். நிஜத்தில் ஓர் அடி என்றால் இங்கே ஓர் அங்குலம். வின்ட்ஸர் கோட்டையில் இருக்கும் மேரி ராணியின் பொம்மை வீடும் இந்த அளவுதான். 1924-இல் முடித்தார்கள், குழாயைத் திறந்தால் தண்ணீரே வருமாம். 30 செ.மீ. உயரப் பொம்மைகளுக்கு இதைவிடப் பெரிதாக 1:6 அளவு. நிஜ நாற்காலியில் உட்காரும் உயரம் ஏறக்குறைய 45 செ.மீ., ஆறால் வகுத்தால் 7.5. உட்காரும் பலகையின் ஆழம் 42, வகுத்தால் 7. எக்செல்லில் போட்டு, தசமப் புள்ளிவரை சரிபார்த்து, அறுத்து ஒட்டினேன். ஒன்றும் குறை சொல்ல முடியாத நாற்காலி. குண்டுமணியை உட்கார வைத்தேன், முகம் குப்புற விழுந்தாள்.

காரணம் எளிது. துணிப் பொம்மைக்கு முழங்கால் மடங்காது. கால் இரண்டும் நேராக முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். 7 செ.மீ. பலகையில் அவள் பின்பக்கமே பிதுங்கியது. கால், வயிறு எல்லாம் பலகைக்கு வெளியே. பாரம் முழுக்க முன்னால். நாற்காலியும் சேர்ந்தே கவிழ்ந்தது. மேரி ராணியின் வீட்டைக் கட்டியவர்களுக்குக் குண்டுமணி மாதிரி ஒருத்தி வாய்க்கவில்லை போலும்.

சரி, அளவு நாடாவை எடுத்துப் பொம்மையையே அளந்தேன். சுவரில் முதுகு படும்படி தரையில் உட்கார வைத்தேன். சுவரிலிருந்து வயிறு முடியும் இடம் வரை 10 செ.மீ. இடுப்பு அகலம் 12. தரையிலிருந்து அக்குள் 9. இந்த மூன்று அளவு போதும். பலகை 11 ஆழம், 13 அகலம், கைப்பிடி அக்குளுக்குக் கொஞ்சம் கீழே. முதல் நாளே இதைச் செய்திருந்தால் இரண்டு வாரம் மிச்சம்.

இரண்டாவது நாற்காலியில் ஆசை வந்துவிட்டது. பின்காலும் சாய்மானமும் ஒரே துண்டாக, அழகாக வளைந்து போகவேண்டும் என்று தோன்றியது. 10 மி.மீ. பைன் பலகையில் வளைவை வரைந்து, வளைவு ரம்பத்தால் மெதுவாக அறுத்து எடுத்தேன். பார்க்க நன்றாக இருந்தது. உப்புத்தாள் போடும்போது 'டொக்' என்று வளைவிலேயே உடைந்தது. ஒடிந்த வாயைப் பார்த்தபோதுதான் புரிந்தது. மரம் என்பது நீளவாக்கில் கட்டிவைத்த நார்க் கட்டு. காலின் நீளத்தோடு ரேகை, அதாவது நார் ஓடும் திசை, போனால் நார் பிடித்து நிறுத்தும். வளைவில் ரேகை குறுக்கே போகிற இடத்தில் நார் எல்லாம் துண்டு துண்டாகிவிடும். பிஸ்கட் மாதிரி ஒடியும். நேர்க்காலாக இருந்தால் இந்த வம்பே இல்லை. வளைவு வேண்டுமென்றே அடம்பிடித்தால் பிளைவுட். அதில் ஒரு அடுக்கின் ரேகை அடுத்த அடுக்கின் ரேகைக்குக் குறுக்கே இருப்பதால் எந்தப் பக்கம் வளைத்து அறுத்தாலும் சில அடுக்குகளாவது தாங்கும். பின்னால் செய்த தொட்டிலின் அடிவளைவுக்கு 6 மி.மீ. பிளைவுட்தான் போட்டேன். இன்றுவரை ஆடுகிறது.

மூன்றாவதுக்கு நேர்க்கால். ஒட்டும் விஷயத்தில் ஒன்று சொல்லவேண்டும். பலகையின் அறுத்த முனை பசையை ஸ்ட்ரா மாதிரி உறிஞ்சிவிடும், பிடிமானம் நிற்காது. அதனால் வெறும் வெள்ளைப் பசையை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு இணைப்பிலும் 3 மி.மீ. துளை போட்டு மூங்கில் குச்சியைப் பசையோடு இறக்கினேன். பசை காயும்வரை இறுக்கிப் பிடிக்கச் சின்னச் சாமானுக்குப் பெரிய கிளாம்ப் தேவையில்லை. துணி காயப்போடும் கிளிப்பும் ரப்பர் பேண்டும் போதும். பிதுங்கி வரும் பசையை அப்போதே ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும். விட்டால் அந்த இடத்தில் எண்ணெய் இறங்காமல் வெளுப்புத் திட்டு தெரியும். என் நாற்காலியில் இடது கைப்பிடிக்குக் கீழே ஒன்று இருக்கிறது. காட்டிக்கொடுக்காதீர்கள்.

அப்புறம் ஆட்டம். நான்கு கால் வைத்த எதுவும் முதலில் ஆடத்தான் செய்யும். நெட்டையாகத் தெரிகிற காலைக் கொஞ்சம் அறுக்கலாம் என்று தோன்றும். அதை மட்டும் செய்யாதீர்கள், அடுத்து இன்னொரு கால் நெட்டையாகும். ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் நாற்காலியை வைத்தேன். தூக்கிக்கொண்டு நின்ற காலுக்கு அடியில் காகிதத்தை மடித்து மடித்துச் செருகி ஆட்டத்தை நிறுத்தினேன். பிறகு 3 மி.மீ. பலகைத் துண்டின் மேல் பென்சிலைப் படுக்கவைத்து, கண்ணாடியோடு ஒட்டி நகர்த்திக்கொண்டே நான்கு காலையும் சுற்றிக் கோடு போட்டேன். கோடு எல்லாம் ஒரே மட்டம். அந்தக் கோட்டில் அறுத்ததும் நாற்காலி 'டப்'பென்று உட்கார்ந்தது. அந்தச் சத்தத்துக்காக இன்னும் நான்கு நாற்காலி செய்யலாம். பின்காலை மட்டும் அப்புறம் வேண்டுமென்றே 5 மி.மீ. குறைத்தேன், குண்டுமணி பின்னால் சாய்ந்து உட்காரட்டும் என்று.

உப்புத்தாள் 120, 180, 220 என்று (எண் கூடக்கூட தாள் நைசாகும்) போய், ஈரத் துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டேன். ஈரம் பட்டதும் மரத்தின் மெல்லிய நார்கள் மயிர்க்கூச்செறிந்த மாதிரி எழுந்து நிற்கும். அதை 320-ஆல் தடவி எடுத்துவிட்டால் பிறகு எச்சில் பட்டாலும் சொரசொரப்பு வராது. கடைசியாக ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் உலரும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணியில் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போடுங்கள்.

மெழுகில் நாற்காலி பளபளத்தது. அதுவே வினையானது. குண்டுமணியை வைத்தோம். சாய்ந்து உட்கார்ந்தாள், இரண்டு நிமிடம் ராணி மாதிரி இருந்தாள், பிறகு மெதுவாக, மிக மெதுவாக, வழுக்கி மேசைக்கு அடியில் போனாள். முன்விளிம்பில் ஒரு மேடு வைக்கலாமா, மெழுகைச் சுரண்டிவிடலாமா, மெத்தை தைக்கலாமா என்று நான் நோட்டில் படம் போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "பாலம் கட்டுறியா?" என்றான். இந்த நேரத்தில் அவன் மகள் தன் சடையிலிருந்து ரிப்பனை அவிழ்த்து, குண்டுமணியின் வயிற்றைச் சுற்றிச் சாய்மானத்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டாள். "பெல்ட் போட்டாச்சு. கார்ல போறா" என்றாள். அவ்வளவுதான். நோட்டை மூடினேன்.

அந்த ரிப்பனுக்காகச் சாய்மானத்தில் 6 மி.மீ. துளை இரண்டு போட்டிருக்கிறேன். துளையின் விளிம்பை வட்ட அரத்தால் மழுக்கிவிட்டால் ரிப்பன் அறுபடாது.

நாற்காலிக்குப் பின் தொட்டில், துணி மாட்டும் ஹேங்கர், அலமாரி என்று வரிசையாக வந்தன. அலமாரியில் மட்டும் ஒரு சிக்கல். 6 மி.மீ. உருளைக் குச்சியில் குமிழ் செய்து கதவில் ஒட்டியிருந்தேன், ஆசை ஆசையாக. அண்ணன் மகளுக்கு ஒரு தம்பி இருக்கிறான், பத்து மாதம், கையில் கிடைப்பது எல்லாம் வாய்க்குள் போகும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மி.மீ. விட்டமுள்ள ஓர் உருளை இருக்கிறது. அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் கூடாது. வீட்டில் டாய்லெட் பேப்பர் சுற்றிவரும் அட்டைக் குழாயில் போட்டுப் பார்க்கலாம். அது இன்னும் அகலம், அதனால் இன்னும் கண்டிப்பு. என் குமிழ் அதில் பத்துப் பதினைந்து சேர்ந்தாற்போல் விழும். இரண்டையும் பிடுங்கிவிட்டு, கதவின் ஓரத்தில் விரல் நுழையும்படி அரைவட்டம் வெட்டினேன். குமிழைவிட இதுதான் எனக்கும் பிடித்திருக்கிறது. ஹேங்கரும் சின்னச் சாமான்களும் தம்பிக்கு எட்டாத உயரத்தில், வீட்டு அலமாரித் தட்டில்.

இப்போது புது ஆர்டர். போன வாரம் அவளுக்குக் கண்ணாடி போட்டார்கள். வந்ததும் முதல் பேச்சு, "அத்தை, குண்டுமணிக்கும் கண் சரியா தெரியலையாம்." 3 மி.மீ. பிளைவுட்டில் இரண்டு வட்டமும் மூக்குப் பாலமும் அறுத்து, உப்புத்தாளும் போட்டாயிற்று. ஆனால் குண்டுமணிக்குக் காதே கிடையாது. எதில் மாட்டுவது என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.